கொழுப்பெடுத்த தம்பி

கட்டழகர் போட்டிக்காக உடம்பிலுள்ள கொழுப்பைக் கரைக்கும் இளைஞர் மலாக்கா மாநிலத் தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறிந்த ஒரு வகை. வயது இருபத்திரண்டிலிருந்து முப்பத்தைந்துக்குள் இருக்கும். பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தாமான் வீடு, ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள். அதன் கொக்கியில் எந்நேரமும் ஒரு பை தொங்கும். பைக்குள் ஒரே அளவில் ஆறு பிளாஸ்டிக் டப்பாக்கள், ஆறிலும் ஒரே சாப்பாடு. வீட்டில் இவருக்குத் தம்பி என்று பெயர். இங்கும் அப்படியே அழைப்பது வசதி.

ஆண்டின் பெரும்பகுதியில் தம்பியை மற்ற பிள்ளைகளிடமிருந்து பிரித்தறிவது கடினம். சட்டைக் கை சற்று இறுக்கமாக இருக்கும். கல்யாண வீட்டில் நாற்காலிகளை நான்கு நான்காகத் தூக்கிப் போடுவார். கோழிக்கறியை எல்லாரையும்போல் சாப்பிடுவார், எல்லாரையும்விட அதிகமாக. இந்தப் பருவத்துக்கு ‘பல்க்கிங்’ என்று பெயர். அம்மாவுக்கும் தம்பிக்கும் கருத்து வேறுபாடே இல்லாத காலம் இது.

போட்டிக்குப் பதினாறு வாரம் இருக்கையில் ஓர் அறிவிப்பு வெளியாகும்: “இன்னையிலேருந்து எனக்கு எண்ணெய் வேணாம்மா.” அம்மா இதைப் பரிவோடு கேட்டுக்கொண்டு, வழக்கமாக ஊற்றும் நான்கு கரண்டியை மூன்றரையாகக் குறைப்பார். தம்பி கேட்டது முற்றான விலக்கு, அம்மா வழங்கியது ஒரு சலுகை. அடுத்த பதினாறு வாரச் சச்சரவுக்கும் இந்த அரைக் கரண்டியே தொடக்கம்.

தம்பி எண்ணெயைக் குறிவைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கிராம் புரதத்திலும் ஒரு கிராம் மாவுச்சத்திலும் நான்கு கலோரி இருக்க, ஒரு கிராம் கொழுப்பில் ஒன்பது. வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே கலோரியைக் குறைக்க வேண்டுமானால் முதலில் கொழுப்பில் கைவைப்பதே கணக்குக்கு எளிது. 1977இல் அமெரிக்க செனட்டின் ஊட்டச்சத்துக் குழு, உணவின் ஆற்றலில் கொழுப்பின் பங்கை 30 விழுக்காட்டுக்குக் குறைக்கச் சொன்னது. எண்பதுகளில் உடற்பயிற்சி உலகம் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தது. முட்டை வெள்ளை, தோலுரித்த கோழி நெஞ்சு, ஓட்ஸ், புரோக்கோலி என்ற பட்டியல் அப்போது நிலைபெற்றது. சாதாரண ஆடவரின் உடம்பில் எடையில் 15 முதல் 20 விழுக்காடு கொழுப்பு இருப்பது இயல்பு. மேடையில் தசைநார் தனித்தனியாகத் தெரிய அது ஐந்துக்குப் பக்கம் இறங்க வேண்டும். நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் தம்பி நடக்கிறார், கூடவே வீட்டாரையும் நடத்துகிறார்.

இந்தக் கணக்கு தோட்டத்தில் வாழ்ந்த குடும்பத்துக்குள் வந்து விழும்போது அதற்கு வேறொரு முகம் வந்துவிடுகிறது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் நடவு 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் போட்டது. தம்பியின் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து குடும்பம் அந்த மரங்களை நம்பியே வாழ்ந்தது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, வரக்கோப்பி, பிறகு வெட்டு, தோளில் பால் வாளி, மதியம் கஞ்சியும் சுட்ட கருவாடும். ஆறு கட்டு வயிறு லயத்துக்கு லயம் இலவசமாகக் கிடைத்தது, யாரும் கைதட்டவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தம்பியின் அப்பா நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை அறுத்தவர். இருபது கிலோ குலையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். அவர் ஒரு நாளில் தரையில் இறக்கிய எண்ணெயைத் தம்பி வாழ்நாள் முழுக்க அளந்தாலும் தீராது. அப்பா இதைச் சொல்லிக்காட்டுவதில்லை. மகன் ஐம்பது கிலோ தட்டுகளை மாதச் சந்தா கட்டித் தூக்குகிறான் என்று கேள்விப்பட்ட அன்று மட்டும், “சந்தா நாம கட்டணுமா, அவன் கட்டுறானா?” என்று ஒரு விளக்கம் கேட்டார்.

பழைய சோறே போதும் என்பதற்குப் பாட்டியிடம் ஆதாரமே இருக்கிறது. 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் பெற்ற கல்கத்தாவின் மனோகர் ஆய்ச் ஐந்தடிகூட இல்லாதவர், 2016இல் தம் 104ஆம் வயதில் மறைந்தார், தண்ணீர் ஊற்றிய பழைய சோற்றை விரும்பிச் சாப்பிட்டவர். இந்தத் தகவலைத் தம்பியே ஒருநாள் பெருமையாகச் சொல்லப்போய், மறுநாள் காலையிலிருந்து மேசையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் தயாராக இருந்தன. தம்பியின் சுவரில் தொங்குபவர்கள் வேறு: ஆறு முறை மிஸ்டர் ஆசியா ஆன மாலேக் நோர், பத்து முறை மிஸ்டர் யுனிவர்ஸ் வென்ற சசாலி சமாட். இருவருக்கும் நடுவில் முருகன். தாத்தா இருந்திருந்தால் அந்த இடத்தில் முருக பக்தரான சாண்டோ சின்னப்பா தேவரைக் கேட்டிருப்பார். முருகனுக்கும் அது சம்மதமாகவே இருந்திருக்கும்.

தம்பியின் காலை முட்டையில் தொடங்குகிறது. பத்து முட்டையை உடைத்து வெள்ளையை எடுத்துக்கொண்டு கருவை ஒதுக்குவார். ஒரு கருவில் ஏறக்குறைய ஐந்து கிராம் கொழுப்பு, வெள்ளையில் அநேகமாக இல்லை. அவரைப் பொறுத்தவரை அத்தோடு விஷயம் முடிந்தது. அம்மாவுக்கு அங்கேதான் தொடங்குகிறது. வாரத்துக்கு எழுபது மஞ்சள் கரு. கொட்ட மனம் வராது. முதல் வாரம் கருவைக் குழம்பில் போடுவார், இரண்டாம் வாரம் நாசி கோரிங்கில், மூன்றாம் வாரம் வீட்டில் மற்ற எல்லாருடைய சட்டையும் இறுகும். கடைசியில் கரு உஜோங் பாசிர் பக்கத்துத் தோழி வீட்டுக்குப் போகும். அங்குள்ள போர்ச்சுகீசிய வழிக் குடும்பங்கள் செய்யும் சுகீ கேக்குக்கு ரவையும் வெண்ணெயும் நிறைய மஞ்சள் கருவும் வேண்டும். இரண்டு நாள் கழித்து அதே கரு கேக்காகத் திரும்பி வந்து, தம்பி கண்ணெதிரே மேசையில் உட்காரும்.

பிறகு தராசு. துக்காங் எமாஸ் தெருவில் ஒரு காலத்தில் பொற்கொல்லர் தங்கத்தை நிறுத்ததுபோல் தம்பி கோழியை நிறுக்கிறார். நூறு கிராம் வெந்த நெஞ்சுக்கறியில் 31 கிராம் புரதம், மூன்றரைக்குச் சற்று மேல் கொழுப்பு. சோறு 150 கிராம். அது வெந்த சோறா, அரிசியா என்பது பற்றி வீட்டில் ஒரு முறை ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. ஒட்டாத சட்டி ஒன்று தனியாக வாங்கப்பட்டது. அதை வேறு யாரும் தொடக்கூடாது. அண்ணி அவசரத்துக்கு அதில் வெங்காயம் வதக்கி, எவர்சில்வர் கரண்டியால் சுரண்டிய நாள் குடும்ப வரலாற்றில் தேதியோடு நினைவிருக்கிறது.

வெளியே போனால் நிலைமை இன்னும் மோசம். மலாக்கா வழியெங்கும் தேங்காய்ப்பால் ஊற்றி வைத்திருக்கும் ஊர். நாசி லெமாக்கில் அது சோறாக இருக்கிறது, செண்டோலில் குலா மலாக்காவோடு சேர்ந்து இனிப்பாக இருக்கிறது, கறியில் கறியாகவே இருக்கிறது. ஒரு ரொட்டி சானாயில் சுமார் முந்நூறு கலோரி, அதைத் தனியாகச் சாப்பிடுபவர் யாருமில்லை. தம்பிக்கு இருக்கும் ஒரே புகலிடம் அசாம் பெடாஸ். புளியும் மிளகாயும் மீனும்தான், தேங்காய்ப்பால் கிடையாது. ஆனால் மிளகாயை எண்ணெயில் வதக்கித்தான் குழம்பு கூட்டுகிறார்கள், சிவப்பாக ஒரு படலம் மேலே மிதக்கும். தம்பி கரண்டியைப் படுக்கையாகப் பிடித்து அந்தப் படலத்தை வட்டம் வட்டமாக எடுத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் விடுகிறார். பொறுமையாக, மேல்மூச்சு விடாமல். கடைக்காரர் முதலில் குழம்பில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து வேறு கிண்ணம் கொண்டுவருவார். குடிப்பதற்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங். அதற்கு மட்டும் எந்தக் கடையிலும் கேள்வி கிடையாது. மாநிலத்தில் பாதிப் பேருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது அதுதான்.

விருந்து என்றால் கேள்வி உண்டு. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்கை மறுப்பவருக்குச் சொந்தபந்தம் மூன்று காரணம் வைத்திருக்கிறது: கோபம், காதல் தோல்வி, சர்க்கரை. எட்டாவது வாரத்தில் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போன பிறகு மூன்றாவது காரணமே ஓங்கி நிற்கும். அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் 31.4 விழுக்காடு, எல்லா இனத்தாரையும்விட அதிகம். திடீரென இளைத்த ஆளைப் பார்த்தால் இந்த ஊரில் முதலில் தோன்றுவது அதுவே. “என்னடா இப்டி எளச்சுப் போயிட்ட, ரத்தம் எடுத்துப் பாத்தியா?” என்று கேட்கும் மாமாவின் வயிறு மேசைக்கு முன்பே வந்து நிற்கும். கிளினிக்கில் ஓட்ஸ் சாப்பிடச் சொல்லி ஆறு வருடம் ஆகிறது, அவர் இன்னும் யோசனையில் இருக்கிறார்.

அனுபவப்பட்ட தம்பிகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். டயட் என்று சொன்னால் எல்லாருக்கும் ஒரு யோசனை இருக்கும், விரதம் என்று சொன்னால் யாரும் வாய் திறப்பதில்லை. மாசி மகத்தையொட்டி வரும் போட்டி என்றால் தம்பிக்கு அதிர்ஷ்டம். வேண்டுதல் என்று ஒரு வார்த்தை போதும், நெய்யும் பலகாரமும் தானாக விலகி வழிவிடும். ஆனால் மாசி மகம் நடக்கும் சன்னாசிமலையில் ஒரு சிக்கல். செங்கில் உள்ள அந்தக் கோயிலைச் சுற்றி அன்னதானப் பந்தல்கள், மோர்ப் பந்தல்கள். விரதக்காரருக்குக் கொடுப்பது புண்ணியம் என்று ஒவ்வொரு பந்தலிலிருந்தும் பொங்கல் பொட்டலம் நீளும். பிரசாதத்தை நிறுத்துப் பார்க்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. தம்பி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்னால் வரும் அத்தை மகனிடம் கொடுத்துவிடுவார். அத்தை மகன் அன்று பதினோரு பொங்கல் சாப்பிடுவான்.

ஒன்பதாவது வாரம் எடை நின்றுவிடுகிறது. தம்பிக்கு ஒரு கோச் உண்டு. முன்பு மாநில அளவில் பரிசு வாங்கியவர், இப்போது தொப்பை வளர்ப்பவர். தொண்ணூறுகளில் கற்றதை வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்புவார். “எங்கேயோ எண்ணெய் ஒழுகுது தம்பி, பாரு” என்பது தீர்ப்பு. விசாரணை நடக்கும். சட்டி, சாஸ், கோழியின் தோல் எல்லாம் சோதிக்கப்படும். ஐந்தாம் நாள் அம்மாவே வாயைத் திறப்பார். பிள்ளைக்கு உடம்பு சூடாகிவிட்டது, உதடு வெடிக்கிறது, தலைமுடி காய்கிறது, ஆகவே தினம் மதியச் சோற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசறி வைத்திருக்கிறார். ஐந்து வாரமாக. “ஒரு கரண்டிதாண்டா, அது மருந்து.” ஒரு மேசைக்கரண்டி 14 கிராம், 120 கலோரி. ஐந்து வாரத்துக்கு 4,200. தம்பி கால்குலேட்டரை அம்மாவிடம் காட்டுவார். அம்மா கண்ணாடி இல்லை என்பார்.

இந்த வழக்கில் அறிவியல் அம்மா பக்கம் சாய்கிறது என்பது தம்பிக்கோ கோச்சுக்கோ தெரியாது. மருந்து எடுத்துக்கொள்ளாத கட்டழகர்களின் போட்டித் தயாரிப்பு பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து எரிக் ஹெல்ம்ஸும் ஆலன் அராகனும் பீட்டர் ஃபிட்சனும் 2014இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் பரிந்துரைத்தது கலோரியில் 15 முதல் 30 விழுக்காடு கொழுப்பு, வாரத்துக்கு எடையில் அரை முதல் ஒரு விழுக்காடு இழப்பு. தம்பியின் நாள் கணக்கு 1,900 கலோரி என்றால் குறைந்தது 32 கிராம் கொழுப்பு வேண்டும். அரைக் கிலோ கோழியில் 18, ஓட்ஸில் நான்கு, ஆக 22தான் உள்ளே போகிறது. அம்மாவின் கரண்டி 14 சேர்ந்தால் 36. சரியான இடம். ஏ, டி, ஈ, கே உயிர்ச்சத்துகள் உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டும், ஹார்மோன்களுக்கும் அது வேண்டும். எடை இறங்க வேண்டுமென்றால் குறைக்கவேண்டியது சோற்றில் ஒரு கைப்பிடி. இதைச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லாததால் நல்லெண்ணெய்ப் போத்தல் பூட்டுக்குள் போகிறது.

அதற்குப் பின் தம்பியின் குணம் மாறுகிறது. படியேறினால் மூச்சு வாங்கும், இரவில் தூக்கம் வராது, யார் மென்றாலும் சத்தம் கேட்கும். கைப்பேசியில் எந்நேரமும் சமையல் காணொளி ஓடும். இது தம்பியின் தனிக் கோளாறு கிடையாது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களைக் கிட்டத்தட்ட அரை ஆண்டு அரைப் பட்டினி போட்டுப் பார்த்தபோது, அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு கட்டழகரைப் பன்னிரண்டு மாதம் பின்தொடர்ந்தது. கொழுப்பு 14.8 விழுக்காட்டிலிருந்து 4.5க்கு இறங்கியபோது அவருடைய இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 53இலிருந்து 27 ஆனது, டெஸ்டோஸ்டிரோன் கால்வாசியாயிற்று. பார்ப்பதற்கு ஆண்மையின் உச்சம், உள்ளே கடையை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சமயத்தில் பெண் பார்க்கப் போகலாம் என்று அத்தை சொன்னால் தம்பி வெட்கப்படுவதாக எல்லாரும் நினைப்பார்கள். அவர் உண்மையில் அங்கே கேசரி வைப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

கடைசி வாரத்தில் உப்பையும் தண்ணீரையும் குறைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தோலுக்கடியில் நீர் வற்றினால் தசை துலங்கும் என்பது நம்பிக்கை. தசையில் முக்கால் பங்கு நீர்தான், வற்றினால் அதுவும் சேர்ந்து வற்றும். ஒரு கிராம் கிளைக்கோஜன் தசையில் தங்கச் சுமார் மூன்று கிராம் நீர் கூட வேண்டும். சிறுநீர் இறக்கும் மாத்திரைவரை போனவர்கள் உண்டு. 1992இல் முகமது பெனாசிசா என்ற தொழில்முறை வீரர் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்தார். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நம் தம்பி அதிகம் போனால் வாயைக் கொப்பளித்துத் துப்புவதோடு நிற்கிறார், அம்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு பின்னாலேயே நடக்கிறார்.

போட்டிக்கு முந்தின இரவு உடம்பெங்கும் பழுப்புச் சாயம் பூச வேண்டும், ஏனென்றால் மேடை வெளிச்சம் எந்த நிறத்தையும் வெளுக்கச் செய்யும். பிறந்த நாள்முதல் கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் தேய்த்து வளர்த்த பிள்ளையின் முதுகில் அம்மாவே பஞ்சால் கறுப்பேற்றுகிறார். இரண்டு பூச்சு, மூன்று பூச்சு. “போதுமாடா?” “இன்னும் கறுக்கணும்மா.” இந்த உரையாடல் வேறெந்தத் தமிழ் வீட்டிலும் நடந்திருக்க வாய்ப்பில்லை. படுக்கை விரிப்பு அத்தோடு முடிந்தது.

மேடைக்குப் பின்னால் அரிசிப் பொரி அப்பளமும் ஜாமும், ரப்பர் வாரை இழுத்து இழுத்துத் தசைக்கு ரத்தம் ஏற்றுவதும். கொள்ளுத்தாத்தா பால் எடுத்த பொருள் கொள்ளுப்பேரன் கையில் இப்படி வந்து சேர்ந்திருக்கிறது. பிறகு எண் அட்டை, ஏழு கட்டாய நிலைகள், ஒவ்வொன்றும் சில நொடி. இரண்டு பக்கத் தசைகளையும் விரித்து முதுகைக் காட்டும்போது கோச் கூவுவார், மாமா விசிலடிப்பார், பாட்டி அந்தச் சின்ன ஜட்டியைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு செலவு பண்ணினவன் ஒரு கால்சட்டை வாங்கக்கூடாதா?” என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பார். தம்பிக்கு நான்காமிடம். நடுவர் தாளில் குறை என்ன என்று கோச் போய்க் கேட்டு வருவார். இன்னும் கொஞ்சம் தசை வேண்டுமாம். சாப்பாடு போதவில்லை என்று இதற்கு அம்மா பொருள் கொள்வார், அது தவறென்று சொல்லவும் முடியாது.

அன்றிரவு மாமாக் கடையில் தம்பி உட்காருகிறார். ரொட்டி சானாய் நான்கு, தே தாரேக் இரண்டு, மீ கோரிங் ஒன்று, பிறகு தாப்பாவ். பல வாரம் வறண்டிருந்த உடம்பு உப்பையும் மாவையும் கண்டதும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு நாளில் கணுக்கால் வீங்கும், மோதிரம் கழலாது, தராசு ஐந்து கிலோ ஏற்றிக் காட்டும். வயிற்றுக் கட்டு ஆறும் நான்காகி, இரண்டாகி, புதன்கிழமைக்குள் புகைப்படத்தில் மட்டும் இருக்கும். புகைப்படம் நூற்றுக்கணக்கில் இருப்பதால் தம்பி கவலைப்படுவதில்லை. சமையலறையில் மீந்தவை மூன்று: பூட்டுப் போட்ட நல்லெண்ணெய், கீறல் விழுந்த சட்டி, ஐந்து கிலோ ஓட்ஸ். நல்லெண்ணெய் பழைய இடத்துக்குப் போகிறது. சட்டியை அண்ணி எடுத்துக்கொள்கிறார். ஓட்ஸை அம்மா மாமா வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார். மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சினால் நன்றாக இருக்குமா என்று விசாரித்திருக்கிறார்.